மருந்தாளுநரின் கையில் கருத்தடை மாத்திரை: திருச்சபை எண்ணிப்பார்க்க வேண்டியவை

குடும்பக் கட்டுப்பாட்டைக் குறித்துத் திருச்சபையில் பேச்சு எழும்போதெல்லாம், “கருத்தடை ஆகுமா, ஆகாதா?” என்னும் ஒரே வினாவோடு அது நின்றுவிடுவது வழக்கம். அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் மற்றொரு வினா எழுந்துள்ளது. கருத்தடை மாத்திரையை ஒரு பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்? மருத்துவரா, மருந்தாளுநரா, அல்லது அப்பெண்ணேதானா? முதல் வினா செயலின் தன்மையைப் பற்றியது. இரண்டாவது வினா அதிகாரத்தைப் பற்றியது. அதிகாரம் யாருக்காக, எந்த எல்லை வரை என்பது திருச்சபைக்குப் புதிய பொருளன்று. ஆகவே மருத்துவத் துறைக்குள் அடங்கியதாகத் தோன்றும் இச்செய்தியைப் போதகர்களும் இறையியல் மாணவரும் அறிந்துகொள்வது நலம். முதலில் நடந்தவற்றையும், பின்னர் அவற்றைக் குறித்து நாம் சிந்திக்க வேண்டிய முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கும்.

1. சட்டம் கூறுவது

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஆரிகன் மாநிலம் 2015ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தை இயற்றியது. 2016 ஜனவரி முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இதற்கெனப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் மருத்துவரின் சீட்டின்றித் தாமே கருத்தடை மாத்திரையையும், தோலில் ஒட்டும் கருத்தடைப் பட்டையையும் எழுதிக் கொடுக்கலாம். கலிபோர்னியா மாநிலம் 2013இலேயே இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. விதிமுறைகள் வகுக்கப்பட்டு 2016இல் அது செயலுக்கு வந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இவ்வழியைப் பின்பற்றுகின்றன.

ஆரிகனில் வகுக்கப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. மாத்திரையை நாடி வரும் பெண் முதலில் ஒரு வினாப்பட்டியலை நிரப்பித் தருகிறாள். புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, இரத்தம் உறைந்து நாளத்தில் அடைத்ததுண்டா, மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா, கண்முன் ஒளிக்கீற்றுகள் தோன்றி அதன்பின் ஒற்றைத் தலைவலி வருவதுண்டா, அண்மையில் குழந்தை பிறந்ததா, வேறு மருந்துகள் உட்கொள்கிறாளா என்பன அவ்வினாக்களுட் சில. பின்பு மருந்தாளுநர் அவளது இரத்த அழுத்தத்தை அளவிடுகிறார். தீங்கு விளையக்கூடிய நிலை தென்பட்டால் மாத்திரையைக் கொடாமல் மருத்துவரிடம் அனுப்புகிறார். தடையொன்றும் இல்லையெனில் மாத்திரையைக் கொடுத்து, உட்கொள்ளும் முறையை விளக்குகிறார். தொடக்க விதிகளில் வயது வரம்பும் இருந்தது. பதினெட்டு வயது நிரம்பாத பெண், முன்னரே மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்ததற்குச் சான்று காட்ட வேண்டும். கலிபோர்னியா அத்தகைய வயது வரம்பை விதிக்கவில்லை.

இதனின்றும் வேறுபட்டது 2023 ஜூலையில் நிகழ்ந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நார்ஜெஸ்ட்ரல் என்னும் ஒரே இயக்குநீர் அடங்கிய ‘ஓபில்’ மாத்திரையை யாருடைய சீட்டும் இன்றி விற்கலாமென ஒப்புதல் அளித்தது. முன்னதாக அந்நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவினர் பதினேழு பேரும் ஒருமனதாக அதை ஆதரித்தனர். 2024 மார்ச் மாதத்தில் அது கடைகளுக்கு வந்தது. இங்கிலாந்தில் டெசோஜெஸ்ட்ரல் என்னும் மாத்திரையை மருந்தாளுநரின் ஆலோசனையோடு சீட்டின்றி வாங்க 2021 ஜூலையில் வழி பிறந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2023 ஏப்ரலில் கருத்தடை மருந்துகளை இலவசமாக்கி, அதே ஆண்டு ஜூனில் அவற்றை எழுதிக் கொடுக்கும் உரிமையை மருந்தாளுநர்க்கு வழங்கிற்று.

ஆக, வழிகள் இரண்டு. ஒன்று, சீட்டு எழுதும் அதிகாரத்தை மருத்துவரோடு மருந்தாளுநருக்கும் பகிர்ந்தளிப்பது. மற்றொன்று, சீட்டையே நீக்கிவிடுவது. இவ்வேறுபாடு ஏழைகளைப் பொறுத்தமட்டில் மிகப் பெரியது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் நலவாழ்வுக் காப்பீட்டுச் சட்டத்தின்கீழ், சீட்டுடன் வாங்கும் கருத்தடை மருந்துக்குப் பெரும்பாலான காப்பீடுகள் முழுச் செலவையும் ஏற்கின்றன. சீட்டின்றி வாங்கினால் பொதுவாக அப்பெண்ணே பணம் செலுத்த வேண்டும். ஓபில் மாத்திரையின் ஒரு மாதத்து விலை கடைக்கு வந்தபோது ஏறத்தாழ இருபது டாலர். சீட்டு நீங்குவதால் தடை முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. மருத்துவமனை வாயிலில் நின்ற தடை கடையின் கல்லாப்பெட்டிக்கு இடம் மாறிவிடவுங்கூடும்.

2. மருந்துச் சீட்டு பிறந்த கதை

மருத்துவர் எழுதித் தந்தால்தான் மருந்து என்னும் ஏற்பாடு தொன்றுதொட்டு வந்ததென்று நாம் எண்ணிவிடக்கூடும். அமெரிக்காவில் சீட்டு வேண்டிய மருந்து, சீட்டு வேண்டாத மருந்து என்னும் பாகுபாட்டை நாடு முழுவதற்குமாகத் தெளிவாக வரையறுத்தது 1951ஆம் ஆண்டின் டர்ஹாம்-ஹம்ஃப்ரி திருத்தச் சட்டமாகும். அதைக் கொண்டுவந்த கார்ல் டர்ஹாம், ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஆகிய இருவருமே அடிப்படையில் மருந்தாளுநர்கள்! பாதுகாப்பாக உட்கொள்வதற்கு மருத்துவம் கற்றவரின் மேற்பார்வை தேவைப்படும் மருந்துக்கே சீட்டு வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து.

இக்கருத்தை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். சீட்டு என்பது காவலுக்காக ஏற்பட்டது. மருந்தின் தீங்கினின்று நோயாளியைக் காப்பதே அதன் நோக்கம். ஒருவரது ஒழுக்கத்தைச் சோதிப்பதற்காகவோ, ஒரு தொழிலாரின் வருவாயைப் பாதுகாப்பதற்காகவோ அது தோன்றவில்லை. எனவே ஒரு மருந்துக்குச் சீட்டு வேண்டுமா என்று ஆராய்கையில் கேட்கத்தக்க முறையான வினா ஒன்றே: இந்தக் காவல் இன்னும் காக்கிறதா, அல்லது காக்கப்பட வேண்டியவளையே வெளியே நிறுத்துகிறதா?

3. மாத்திரையின் வரலாறு தரும் எச்சரிக்கை

‘காவல் எதற்கு?’ என்று எளிதாகக் கேட்டுவிடவும் முடியாது. ஏனெனில் இம்மாத்திரையின் பிறப்பு வரலாற்றில் கண்ணீர் உண்டு. மார்கரெட் சாங்கர் தூண்ட, கேதரின் மக்கார்மிக் என்னும் செல்வச் சீமாட்டி பொருளுதவி அளிக்க, கிரெகரி பின்கஸ் என்னும் அறிவியலாரும் ஜான் ராக் என்னும் கத்தோலிக்க மருத்துவரும் இதை உருவாக்கினர். பெரிய அளவிலான சோதனை 1956இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்களிடையே தொடங்கிற்று. புதிய மருந்தொன்றின் சோதனைக்குத் தாங்கள் உட்படுகிறோம் என்பது அவர்களுக்குச் செவ்வையாக எடுத்துரைக்கப்படவில்லை. அங்கிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே பக்க விளைவுகள் மிகுதியெனத் தெரிவித்தும் அவரது எச்சரிக்கைக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. ‘எனோவிட்’ என்னும் அம்மாத்திரை 1960இல் கருத்தடைக்கென ஒப்புதல் பெற்றது. அதிலிருந்த இயக்குநீரின் அளவு இன்றைய மாத்திரைகளில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம்.

இரத்தம் உறைந்து பெண்கள் இறந்த செய்திகள் பின்னர் வெளிவரலாயின. பார்பரா சீமன் என்னும் எழுத்தாளர் 1969இல் இது குறித்து ஒரு நூல் வெளியிட்டார். 1970இல் செனட்டர் கேலார்ட் நெல்சன் தலைமையில் விசாரணை நடைபெற்றது. மருத்துவரும் ஆய்வாளரும் சாட்சி கூறினர். மாத்திரையை உட்கொண்ட பெண்கள் சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை. பார்வையாளர் பகுதியிலிருந்த இளம் பெண்கள் எழுந்து நின்று, தங்களை ஏன் கேட்கவில்லையென்று உரக்க வினவினர். அதன் பயனாகவே மாத்திரையோடு அதன் ஆபத்துகளை விளக்கும் அச்சிட்ட தாளும் வைக்கப்பட வேண்டுமென்ற ஆணை பிறந்தது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்களை நாம் கற்கலாம். மாத்திரை தீங்கற்றது என்று வணிகர் கூறுவதை அப்படியே நம்பிவிடலாகாது. அதே வேளையில், மருத்துவரின் சீட்டு இருந்தமையால் மட்டும் அப்பெண்கள் காக்கப்பட்டார்கள் என்றும் கூறுவதற்கில்லை. அவர்கள் அனைவரும் சீட்டோடுதான் மாத்திரை பெற்றார்கள். அவர்களைக் காத்திருக்கக்கூடியது உண்மையை அறிவித்தலும், அவர்கள் சொல்லுக்குச் செவிகொடுத்தலுமே.

4. இன்றைய மருத்துவ அறிவு

கருத்தடை மாத்திரைகள் இருவகைப்படும். ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டின் ஆகிய இரண்டும் சேர்ந்தது ஒன்று. புரோஜெஸ்டின் மட்டும் உள்ளது மற்றொன்று. முதல் வகை முக்கியமாகக் கருமுட்டை வெளியேறுவதைத் தடுக்கிறது. இரண்டாம் வகையில் பழைய மாத்திரைகள் பெரும்பாலும் கருப்பை வாயிலுள்ள சளியைத் தடிக்கச் செய்து விந்தணு உட்புகாதபடி செய்கின்றன. பல சுழற்சிகளில் கருமுட்டை வெளியேறுவதையும் தடுக்கின்றன. உருவாகிய கருவைக் கலைக்கும் மருந்துகளல்ல இவை. திருச்சபையில் இவ்விரண்டையும் குழப்பிப் பேசுவோர் உளர். ஆகவே இதைத் தெளிவுபடுத்துதல் நமது கடமை.

முதல் வகையின் முக்கிய ஆபத்து நாளங்களில் இரத்தம் உறைதல். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தரும் கணக்கின்படி, மாத்திரை உட்கொள்ளாத, கருவுறாத பெண்கள் பதினாயிரம் பேரில் ஓராண்டில் 1 முதல் 5 பேருக்கு இது நேரிடலாம். மாத்திரை உட்கொள்வோரில் இது 3 முதல் 9 வரை. கருவுற்ற பெண்களில் 5 முதல் 20 வரை. பிள்ளைபெற்ற அடுத்த சில வாரங்களில் 40 முதல் 65 வரை. மாத்திரையால் ஆபத்து உண்டு. கருவுறுதலால் நேரும் ஆபத்து அதனிலும் மிகுதி. புகைபிடிக்கும் முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்க்கும், உயர் இரத்த அழுத்தம் உடையவர்க்கும் இவ்வகை ஏற்றதன்று. இரண்டாம் வகையில் இரத்தம் உறையும் ஆபத்து மிகக் குறைவு. ஆயினும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதையும் உட்கொள்ளலாகாது. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசினும், வலிப்பு நோய்க்குத் தரப்படும் சில மருந்துகளும் மாத்திரையின் பயனைக் குறைத்துவிடும்.

இத்தகைய ஆபத்துகளை அறிய உள்ளுறுப்புப் பரிசோதனை தேவையில்லை என்பதே மருத்துவ உலகின் இன்றைய கருத்து. முன்னைய நோய்களைக் கேட்டறிதலும், முதல் வகை மாத்திரைக்கு இரத்த அழுத்தத்தை அளவிடுதலும் போதுமானவை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, 2012ஆம் ஆண்டிலேயே மாத்திரையைச் சீட்டின்றி விற்பதை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. தங்கள் கையிலிருந்த அதிகாரத்தைத் தாங்களே விட்டுக்கொடுக்க முன்வந்தவர்கள் அவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மெக்சிகோ எல்லையருகே எல் பாசோ நகரில் நடந்த ஆய்வொன்று வியப்பைத் தருகிறது. எல்லை கடந்து சென்று சீட்டின்றி மாத்திரை வாங்கிய பெண்கள், அரசு உதவிபெறும் மருத்துவ நிலையங்களில் சீட்டுப் பெற்றவர்களைவிட மாத்திரையை இடையில் நிறுத்துவது குறைவாகவே இருந்தது. ஒருமுறை எல்லை கடந்து சென்றால் தேவையான அளவு வாங்கி வரலாம் என்பது அதற்கு ஒரு காரணம்.

ஆரிகனில் சட்டம் வந்து இரண்டாண்டுகளில், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த பெண்களுக்குப் புதிதாக எழுதப்பட்ட மாத்திரை, பட்டை ஆகியவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை மருந்தாளுநர்களே எழுதியிருந்தனர். அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியை நோக்கினால் இதன் பொருள் விளங்கும். அங்குள்ள ஹார்னி மாவட்டம் பதினாயிரம் சதுர மைலுக்கு மேற்பட்டது. மக்கள்தொகையோ எண்ணாயிரத்தையும் எட்டவில்லை. இத்தகைய நிலப்பரப்பில் மருத்துவரைக் காண்பது ஒரு நாள் பயணம், ஒரு நாள் கூலி.

5. திருச்சபைகள் கடந்து வந்த வழி

சீர்திருத்தத் தலைவர்கள் கருத்தடையை ஏற்கவில்லை. லூத்தரும் கால்வினும் ஓனானின் செயலை (ஆதியாகமம் 38) விளக்கும்போது அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆயினும் அப்பகுதியில் ஓனான் தன் சகோதரனுக்குச் சந்ததி உண்டாக்கும் கடமையைத் தட்டிக்கழித்து, விதவையாகிய தாமாரை வஞ்சித்தான் என்பதே மையப் பொருளென இன்று பலர் கருதுகின்றனர். அமெரிக்காவில் கருத்தடைப் பொருள்களையும் அவை பற்றிய செய்தியையும் அஞ்சலில் அனுப்புவதைத் தடுத்த 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டம், சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த பற்றாளர்களின் முயற்சியால் விளைந்தது. இவ்வரலாற்றை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

1908, 1920 ஆகிய ஆண்டுகளில் கூடிய ஆங்கிலிக்கத் திருச்சபைகளின் லாம்பெத் மாநாடுகள் கருத்தடையைக் கண்டித்தன. 1930இல் கூடிய மாநாடு 193 வாக்குகள் ஆதரவாகவும் 67 எதிராகவும் அமைய, ஒழுக்க நெறிக்குட்பட்ட தக்க காரணம் இருப்பின் திருமணமானோர் கருத்தடை முறைகளைக் கையாளலாம் என இசைந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே போப் பதினொன்றாம் பயஸ் அதற்கு மாறான நிலையை அறிவித்தார். 1958ஆம் ஆண்டின் லாம்பெத் மாநாடு, பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் முடிவு செய்யும் பொறுப்பை இறைவன் பெற்றோரின் மனச்சான்றினிடம் ஒப்புவித்துள்ளார் என்னும் கருத்தை வலியுறுத்தியது. அமெரிக்கத் திருச்சபைகளின் தேசிய மன்றமும் 1961இல் பொறுப்புள்ள பெற்றோர் நிலையை ஆதரித்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1968ஆம் ஆண்டின் சுற்றுமடலில் தன் நிலையை மீண்டும் உறுதிசெய்தது.

நாட்டின் சட்டமும் இதற்கேற்ப மாறிற்று. திருமணமானோர் கருத்தடையைப் பயன்படுத்துவதைத் தடுத்த கனெக்டிகட் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1965இல் கிரிஸ்வால்டு வழக்கில் செல்லாதென்றது. 1972இல் அவ்வுரிமை மணமாகாதவர்க்கும் விரிந்தது. 2022இல் கருக்கலைப்பு பற்றிய முந்தைய தீர்ப்பை அந்நீதிமன்றம் மாற்றிய பின்பு, கருத்தடை பற்றிய கவலையும் அங்கு மீண்டும் எழுந்தது.

6. எழுப்பப்படும் தடைகள்

மருந்தாளுநருக்கு இவ்வதிகாரம் வழங்குவதை எதிர்ப்போர் கூறும் காரணங்களை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது.

முதலாவது, மாத்திரைக்காக மருத்துவரிடம் வரும் பெண் அச்சமயத்தில் புற்றுநோய்ச் சோதனை முதலிய பிற நன்மைகளையும் பெறுகிறாள். அவ்வாய்ப்பு போய்விடும் என்பர். இதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு நன்மையைப் பெறுவித்தற்காக வேறொரு தேவையைப் பிணையாகப் பிடித்து வைப்பது முறையா? ஆரிகனின் தொடக்க விதிகள் நடுவழியொன்றைக் கண்டன. மருந்தாளுநர் முதன்முறை எழுதிக் கொடுத்தபின் மூன்றாண்டுகளுக்குள் அப்பெண் மருத்துவரைக் கண்டிருக்க வேண்டும். இல்லையேல் அவர் தொடர்ந்து எழுதிக் கொடுக்கலாகாது.

இரண்டாவது, கடையில் விற்பவரே எழுதியும் கொடுத்தால் ஆதாய நோக்கம் நுழையும் என்பர். இது நியாயமான அச்சமே. எழுதுபவரும் விற்பவரும் வேறு வேறானவராக இருப்பது பழைய ஞானம். வினாப்பட்டியலும், பதிவேடும், எழுதிக் கொடுக்க மறுத்தாலும் ஆலோசனைக்கு ஊதியம் உண்டு என்னும் ஏற்பாடும் இருந்தாலொழிய இவ்வச்சம் நீங்காது.

மூன்றாவது, இளம் பெண்கள் பெற்றோர் அறியாமல் மாத்திரை பெறுவர், ஒழுக்கம் தளரும் என்பர். பெற்றோரின் கவலையைத் திருச்சபை மதிக்கிறது. ஆனால் சீட்டு ஒழுக்கத்தின் காவலனல்ல என்று முன்னரே கண்டோம். ஒழுக்கத்தைக் கற்பிக்க வேண்டியது இல்லமும் திருச்சபையும். நாம் செய்யத் தவறிய பணியை மருந்துக் கடையின் பூட்டு செய்துவிடும் என்று எதிர்பார்ப்பது நம் பொறுப்பைத் துறப்பதாகும். அதோடு, பள்ளிப் பருவப் பெண் மாத்திரை கேட்டு வரும்போது, அவள் யாராலேனும் வற்புறுத்தப்படுகிறாளா என்று பரிவோடு வினவ ஒருவர் அங்கே இருக்க வேண்டும். சீட்டை அறவே நீக்குவதைவிட, பயிற்சி பெற்ற மருந்தாளுநரிடம் பொறுப்பை அளிப்பதன் மேன்மை இவ்விடத்தில் விளங்குகிறது.

7. மருந்தாளுநரின் மனச்சான்று

அதிகாரம் கைமாறும்போது மனச்சான்றின் சுமையும் கைமாறுகிறது. இதுகாறும் மருத்துவர் எழுதியதைக் கொடுத்தவர் இனித் தாமே எழுத வேண்டியவராகிறார். கருத்தடையைப் பாவமெனக் கருதும் மருந்தாளுநர் என்ன செய்வார்? வாஷிங்டன் மாநிலத்தில், அனுமதிக்கப்பட்ட மருந்துகளை மத நம்பிக்கையின் காரணமாகக் கொடுக்க மறுக்கலாகாது என 2007இல் விதி செய்யப்பட்டது. அவசர காலக் கருத்தடை மருந்தை விற்க விரும்பாத ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் மருந்துக் கடை அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் விதியை நிலைநிறுத்தியது. உச்ச நீதிமன்றம் 2016இல் வழக்கை ஏற்க மறுத்தது. அவர்களது அச்சத்துக்கு அடிப்படையாயிருந்தது, அம்மருந்து கருப்பையில் கரு தங்குவதைத் தடுக்கக்கூடும் என்னும் செய்தி. 2022 டிசம்பரில் உணவு மருந்து நிர்வாகம் அவ்வகை மருந்தின் குறிப்பிலிருந்து அக்கருத்தை நீக்கி, அது கருமுட்டை வெளியேறுவதைத் தடுப்பது அல்லது தாமதப்படுத்துவது வழியாகவே செயற்படுகிறது என விளக்கியது. மனச்சான்று மதிக்கத்தக்கது, ஆனால் மனச்சான்றுக்கும் சரியான செய்தி வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் 1998இல் இருபுறமும் நோக்கி ஒரு கொள்கை வகுத்தது. மருந்தாளுநர் மனச்சான்றின் காரணமாக விலகிக்கொள்ளலாம்; அதே வேளையில் நோயாளி தன் மருந்தைப் பெற மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும். பவுல் அப்போஸ்தலனுடைய சிந்தனைக்கு இது நெருங்கியதே. ரோமர் 14ஆம் அதிகாரத்தில் அவர் ஒருவன் தன் மனதில் முழு நிச்சயமுடையவனாய் இருக்க வேண்டும் என்கிறார். அதோடு, தன் சகோதரனுக்கு முன்பாகத் தடுக்கலைப் போடலாகாது என்றும் எச்சரிக்கிறார். எனக்கு மனச்சான்று உண்டென்பது, எதிரே நிற்பவளுக்கு மனச்சான்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. அவளை நாணச்செய்யாமல், மருந்தைப் பறித்து வைக்காமல், வழியையும் அடைக்காமல் விலகிக்கொள்பவரே மனச்சான்றை நேர்மையாகக் கையாளுபவர். ஆனால் நூறு மைலுக்குள் ஒரே கடை இருக்குமிடத்தில் “வேறிடம் போங்கள்” என்பது வழிகாட்டுதலாகாது. இங்கே எளிய விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

8. திருமறையின் ஒளியில்

மாத்திரையைப் பற்றித் திருமறை நேரே பேசவில்லை. ஆனால் காவலென்று ஏற்பட்டவை சுமையாக மாறுவதைப் பற்றி அது மிகுதியாகப் பேசுகிறது. ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாயிற்று என்று நம் ஆண்டவர் மாற்கு 2ஆம் அதிகாரத்தில் கற்பிக்கும்போது, ஓய்வுநாளை அவர் ஒழித்துவிடவில்லை. அதன் நோக்கத்தை மீட்டளிக்கிறார். மருந்துச் சீட்டும் அவ்வாறே மனிதருக்காக ஏற்பட்டது. லூக்கா 11ஆம் அதிகாரத்தில், அறிவின் திறவுகோலை எடுத்துக்கொண்டு தாமும் நுழையாமல் நுழைவோரையும் தடுத்தவர்களை அவர் கடிந்துகொண்டார். நெல்சன் விசாரணையில் எழுந்து நின்ற பெண்கள் கேட்டது இந்தத் திறவுகோலைத்தான்.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள பெண்ணையும் நாம் எண்ணிப்பார்க்கலாம். அவள் அநேக மருத்துவர்களிடம் சென்று, உள்ளதெல்லாம் செலவழித்தும் குணமடையாதவள். தன் உடலின் நிலையை வெளியே சொல்ல நாணிக் கூட்டத்தினூடே பின்னாக வந்தாள். இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நின்று, அவள் முழு உண்மையையும் சொல்லுமளவும் கேட்டார். மகளே என்று அழைத்தார். இப்பகுதி கருத்தடையைப் பற்றியதன்று. அப்படி இழுத்துப் பொருள் கொள்ளவும் கூடாது. ஆயினும் தன் உடலைக் குறித்த கவலையோடு வரும் பெண்ணை எவ்வாறு ஏற்க வேண்டும் என்பதற்கு இதைவிட மேலான முன்மாதிரி நமக்கு இல்லை.

9. நமது பணி

நம் நாட்டின் நிலை வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். மாத்திரை உட்கொள்வோர் 5.1 பேர் மட்டுமே. அரசு நலவாழ்வு நிலையங்களில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது; 2011இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஆஷா பணியாளர்கள் அதை வீட்டுக்கே கொண்டு தருகிறார்கள். சீட்டு வேண்டிய மருந்துகள்கூடப் பல கடைகளில் சீட்டின்றிக் கைமாறுவதை நாம் அறிவோம். அங்கே கதவு இறுக மூடியிருந்தது. அதைத் திறக்கச் சட்டம் தேவைப்பட்டது. இங்கே கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது, ஆனால் வாயிலில் நின்று, “அம்மா, இரத்தக் கொதிப்பு உண்டா? வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பார் இல்லை. எனவே ஆரிகனிலிருந்து நாம் கற்க வேண்டியது சீட்டைப் பற்றியதைவிட, அந்த வினாப்பட்டியலைப் பற்றியதே.

போதகர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. திருமண ஆயத்த வகுப்புகளில் பொறுப்புள்ள பெற்றோர் நிலையைக் குறித்துக் கணவன் மனைவி இருவருக்கும் கற்பிக்கலாம். மாத்திரையின் சுமையைப் பெண்ணின்மேல் மட்டும் ஏற்றுவது முறையல்ல என்பதை ஆண்களுக்கு எடுத்துரைக்கலாம். கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கலாம். சபையிலுள்ள மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரைப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு அழைத்து, எவரெவர் இம்மாத்திரையை உட்கொள்ளலாகாது என்பதை விளக்கச் செய்யலாம். மனச்சான்றின் நெருக்கடியோடு வரும் மருந்தாளுநரை அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்காமல் கேட்கலாம்.

மருந்தாளுநருக்கு இவ்வதிகாரத்தை அளிப்பது, தக்க பயிற்சியும் வினாப்பட்டியலும் மருத்துவரிடம் அனுப்பும் ஒழுங்கும் உடன்வரும் வரையில், கிறிஸ்தவ அறநெறிக்கு மாறானதன்று என்பதே இக்கட்டுரையாசிரியனின் கருத்து. மாறுபட்டு எண்ணுவோர் இருப்பர். அவர்களோடு உரையாடுதல் நலம். ஆனால் அவ்வுரையாடலில் ஓர் இருக்கை வெறுமையாய் இருந்துவிடக் கூடாது. 1970இல் அந்த விசாரணை மன்றத்தில் கேட்கப்படாமற் போன குரலுக்குரிய இருக்கை அது. நம் சபைக் குழுக்களிலும் ஆலோசனை மன்றங்களிலும் அவ்விருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நம் முதற்கடமையாயிருப்பதாக.